மேசைக்கடியில் இருந்த பில்ட் சர்வர்: ஜென்கின்ஸிலிருந்து கிட்லேபுக்கு மாறிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்யும் ஒரு சிறு நிறுவனம். நிரலாளர்கள் 11 பேர், சோதனையாளர்கள் 2 பேர். சர்வர், கிளவுட் சமாச்சாரங்களைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் கிடையாது. யார் கை காலியோ அவர் பார்ப்பார். கடந்த சில ஆண்டுகளாக அந்தக் கை பெரும்பாலும் என்னுடையது.

பொருள் மூன்று. ஜாவாவில் எழுதிய பில்லிங் சர்வர், அதற்கு முன்னால் நிற்கும் இணையப் பக்கங்கள், விற்பனைப் பிரதிநிதிகள் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கும் ஆண்ட்ராய்டு செயலி. மூன்றின் நிரலும் ஏற்கெனவே, நிரலையும் அதன் மாற்றங்களையும் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில் இருந்தது. பில்ட் (நிரலை ஓடக்கூடிய பொதியாக்குவது), டெஸ்ட், வெளியீடு மட்டும் இவற்றைத் தானாகச் செய்யும் ஜென்கின்ஸ் என்ற கருவியில் நடந்தது.

அந்த ஜென்கின்ஸ் ஓடியது அலுவலக மூலையில், மேசைக்கடியில் இருந்த ஒரு சாதாரண டெஸ்க்டாப்பில். மேலே ‘தயவு செய்து ஆஃப் செய்யாதீர்கள்’ என்று ஒரு காகிதம். பக்கத்தில் ஒரு யுபிஎஸ். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் அந்த யுபிஎஸ் முக்கால் மணி நேரம் தாங்கும், அப்புறம் கீ கீ என்று கத்தும். அன்று மதியத்துக்கு மேல் வெளியீடு கிடையாது என்பது எழுதப்படாத விதி. யாரும் அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஜென்கின்ஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஹட்ஸன் என்ற பெயரில் தொடங்கி, 2011-இல் பெயர் மாறி, இன்றுவரை பல பெரிய நிறுவனங்களைத் தாங்கும் கருவி அது. எங்களுடையது நாங்கள் வளர்த்த விதத்தில் வளர்ந்த ஒன்று. 2016-இல் வந்த ஜென்கின்ஸ் 2, பில்ட் செய்முறையை நிரலோடு ஒரு கோப்பாக வைக்கும் வழியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டது. நாங்களோ 2023-இலும் திரையில் பெட்டிகளை நிரப்பி ஜாப்களை, அதாவது தானாக ஓடும் வேலைகளை, அமைத்துக்கொண்டிருந்தோம்.

தூண்டுதல்

2024 ஜனவரி கடைசியில் ஜென்கின்ஸில் ஒரு தீவிரமான பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டது. எண் சி.வி.இ.-2024-23897. கட்டளை வரி வழியாகச் சர்வரில் உள்ள கோப்புகளை வெளியாள் படிக்க வழி விடும் குறை. உள்ளே நுழைய அனுமதி இல்லாதவர்கூடச் சில கோப்புகளின் முதல் சில வரிகளை எடுத்துவிடலாம்; படிக்கும் அனுமதி இருப்பவர் முழுக் கோப்பையும் எடுக்கலாம்.

திருத்தப்பட்ட பதிப்புக்குப் போய்விட்டால் சரி. எங்களால் உடனே போக முடியவில்லை. எங்களுடையது 2.346 வரிசை, ஜாவா 8-இல் ஓடக்கூடிய கடைசி நீண்டகாலப் பதிப்பு. அடுத்ததற்கு ஜாவா 11 வேண்டும். அதை ஒரு நகல் இயந்திரத்தில் போட்டுப் பார்த்தபோது நாங்கள் நம்பியிருந்த ப்ளக்இன்களில் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களில்) ஆறு ஏறவே மறுத்தன. அவற்றில் இரண்டை எழுதியவர்கள் பராமரிப்பதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது.

இதைவிட மோசம் ஒன்று இருந்தது. கிட்லேபில் யாராவது நிரலைத் தள்ளியதும் ஜென்கின்ஸுக்குத் தகவல் போக வேண்டும் என்பதற்காக அலுவலக ரவுட்டரில் ஒரு போர்ட் திறந்துவிடப்பட்டிருந்தது. அதாவது மேசைக்கடி டெஸ்க்டாப்பின் ஜென்கின்ஸ் உள்நுழைவுப் பக்கத்தை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அன்று மாலையே போர்ட்டை மூடினோம், கட்டளை வரி வசதியையும் அணைத்தோம். தகவல் போகும் வழி அடைந்ததால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜென்கின்ஸே போய் நிரல் மாறியிருக்கிறதா என்று எட்டிப்பார்க்கும்படி மாற்றிவிட்டோம்.

அவசரம் தீர்ந்தது. தீர்ந்ததால் ஆறு மாதம் ஓடிவிட்டது.

முடிவும் அதன் காரணமும்

2024 ஜூலையில் உட்கார்ந்து பேசினோம். மேசையில் மூன்று வழிகள். பழையதையே தூசு தட்டி மேம்படுத்துவது. புது ஜென்கின்ஸ் ஒன்றை முறையாக, எல்லா அமைப்பும் கோப்பில் இருக்கும்படி எழுப்புவது. அல்லது நிரல் இருக்கும் கிட்லேபிலேயே பில்ட்டையும் நடத்துவது.

முதல் வழியை யாரும் ஆதரிக்கவில்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான் வாக்குவாதம். எங்களில் மூத்தவர் ஒருவர் இரண்டாவதையே சொன்னார். “தெரிஞ்ச பிசாசுங்க அது. புதுசுல என்ன இருக்குன்னு போய் விழுந்த பிறகுதான் தெரியும்” என்றார். நியாயமான பேச்சு.

மூன்றாவதின் பக்கம் தராசு சாய்ந்ததற்கு இரண்டு காரணங்கள். கிட்லேபின் ரன்னர் என்பது தானாக வெளியே போய் ‘எனக்கு வேலை இருக்கிறதா’ என்று கேட்கும் நிரல். வெளியிலிருந்து உள்ளே யாரும் கூப்பிட வேண்டியதில்லை, அதனால் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டாம். நம் இயந்திரத்தில் நாமே ரன்னரை ஓட்டினால் கிட்லேபின் நிமிடக் கணக்கிலும் சேராது. இரண்டாவது காரணம் ஆள் பலம். ஜென்கின்ஸ் என்றால் அதைப் புதுப்பிக்க, ப்ளக்இன்களைக் காவல் காக்க ஒருவர் வேண்டும். எங்களிடம் அந்த ஒருவர் இல்லை, வருவதாகவும் தெரியவில்லை.

வாடகைக்கு ஒரு கிளவுட் இயந்திரம் எடுத்து, அதில் ரன்னரை டோக்கர் முறையில் வைப்பது என்று முடிவானது. ஒவ்வொரு ஜாப்பும் புத்தம் புது கன்டெய்னரில், அதாவது முன்பு ஓடிய எதுவும் மிச்சமில்லாத தனிச் சூழலில், தொடங்கி, முடிந்ததும் அழிந்துபோகும். இந்த ஒரு வரியின் விளைவுதான் பின்வரும் பாதிக் கதை. தீபாவளி முடியட்டும், நவம்பரில் மாறிவிடலாம் என்று நாள் குறித்தோம்.

கணக்கெடுப்பு

ஆகஸ்டில் ஜென்கின்ஸில் இருந்த ஜாப்களை எண்ணினோம். 43. எங்கள் ஊகம் 20 சொச்சம். ‘டெஸ்ட்-புதுசு’, ‘டெஸ்ட்-புதுசு-2’, ‘தொடாதே’ என்றெல்லாம் பெயர்கள். ‘தொடாதே’வை வைத்தவரே அது எதற்கென்று மறந்திருந்தார்.

எதை எடுத்துப்போவது என்பதற்கு ஒரு விதி வகுத்தோம்: கடந்த 90 நாளில் ஒருமுறையாவது ஓடியிருந்தால் எடுத்துப்போகிறோம். 26 தேறின. மிச்சம் 17-ஐ ஒரு பட்டியலாகப் போட்டு எல்லோருக்கும் அனுப்பி, ‘இதில் உங்களுடையது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்’ என்றோம். இரண்டைப் பற்றிப் பதில் வந்தது. மீதி 15-ஐ விட்டுவிட்டோம்.

விதியை முன்மொழிந்தவன் நான்தான். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

ரகசியச் சாவிகளிலும் கடவுச்சொற்களிலும் மட்டும் சரியாக நடந்துகொண்டோம் என்று நினைக்கிறேன். ஜென்கின்ஸில் சேமித்தவற்றை அதன் நிர்வாகத் திரையிலேயே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வெளியே எடுத்துவிடலாம். எடுத்து அப்படியே புது இடத்தில் ஒட்டுவது அரை நாள் வேலை. ஆனால் ஜனவரியில் அந்தப் போர்ட் திறந்து கிடந்தது. அதற்கு முன்பும் ஆண்டுக் கணக்கில் திறந்துதான் கிடந்தது. யாராவது எடுத்திருப்பார்களா என்பதற்கு எங்களிடம் பதிவேடு இல்லை. எனவே எதையும் நகலெடுப்பதில்லை, எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கிப் பழையதை ரத்து செய்வது என்று தீர்மானித்தோம். அரை நாள் வேலை மூன்று வாரம் ஆனது. அதில் ஒரு சில்லறை அவமானமும் உண்டு: கிட்லேபில் ஒரு மதிப்பைப் பதிவுகளில் மறைத்துக் காட்ட வேண்டுமானால் அது குறைந்தது 8 எழுத்து இருக்க வேண்டும். எங்கள் பழைய தரவுத்தளக் கடவுச்சொல்லுக்கு 6.

புது கன்டெய்னரில் காணாமல் போனவை

செப்டம்பர் நடுவில், ஜாப்பின் படிகளைக் கிட்லேபுக்குச் சொல்லும் முதல் யாம்ல் கோப்பை எழுதி பில்லிங் சர்வரை ஓடவிட்டோம். ஜென்கின்ஸில் இரண்டு ஆண்டுகளாகப் பச்சையாக ஓடிய அதே நிரல் நான்காவது நிமிடத்தில் சிவப்பில் நின்றது. ஒரு நூலகத்தை எங்கும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது ஜாவா நிரலை பில்ட் செய்யும் மேவன் கருவி.

அது ஒரு வங்கியின் வசூல் சேவைக்கான ஜார் கோப்பு (ஜாவா நிரலின் பொதி). பொதுக் களஞ்சியம் எதிலும் அது இல்லை. எங்கள் நிரலிலும் இல்லை. ஆனால் நிரலாளர்கள் எல்லோருடைய மடிக்கணினியிலும் பில்ட் ஆகிறதே? விசாரித்ததில் புரிந்தது. புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு முதல் நாள் பில்ட் விழும். பக்கத்து இருக்கைக்காரர் “ஓ, அதுவா” என்று சொல்லித் தன்னிடம் உள்ள ஜாரை அனுப்பி, எந்த அடைவில் போட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுப்பார். ஐந்து நிமிட வேலை. நானும் அப்படித்தான் வாங்கினேன். வாங்கிய அடுத்த நாளே மறந்தும் போனேன்.

மூல ஜாரைப் போட்டவர் நிறுவனத்தை விட்டுப் போய் மூன்று ஆண்டு. தொலைபேசியில் பிடித்தேன்.

“அண்ணா, அந்த வங்கி ஜார் எங்கேருந்து வந்தது?”

“அதுவாப்பா... வங்கிக்காரங்க மெயில்ல அனுப்புனாங்க. ஜென்கின்ஸ் மெஷின்ல நான்தான் கையால போட்டேன். ஏன், இன்னும் அதேதான் ஓடுதா?”

அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. வங்கியிடம் கேட்டபோது நாங்கள் வைத்திருப்பது பழைய பதிப்பு என்றும், நடுவில் இரண்டு பதிப்புகள் வந்துவிட்டன என்றும் சொன்னார்கள். மாற்றத்தின் நடுவில் அதையும் மாற்ற வேண்டாம் என்று, மேசைக்கடி இயந்திரத்தில் இருந்த கோப்பையே எடுத்து, கிட்லேபின் தொகுப்புக் களஞ்சியத்தில் பதிப்பு எண்ணோடு ஏற்றினோம். இப்போது புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாள் பில்ட் ஓடுகிறது. மொத்த மாற்றத்தில் யாரும் கேட்காமலேயே கிடைத்த பலன் இது.

அடுத்து வந்தவற்றில் சில சின்னவை. பதிப்பு எண்ணைக் கிட் குறிகளிலிருந்து (நிரலின் வரலாற்றில் வைக்கும் அடையாளங்களிலிருந்து) கணக்கிடும் எங்கள் ஸ்கிரிப்ட் விழுந்தது, ஏனென்றால் கிட்லேப் புதிய புராஜெக்ட்களில் வரலாற்றின் கடைசி 20 கமிட்டை (பதிவான மாற்றத்தை) மட்டுமே இறக்கும். அந்த ஜாப்புக்கு மட்டும் முழு வரலாற்றையும் இறக்கச் சொன்னோம். வெளியீட்டுக் கோப்புகள் 30 நாளில் காலாவதியாகும் என்பதைத் தற்செயலாகப் பார்த்து, அவற்றையும் தொகுப்புக் களஞ்சியத்துக்கு மாற்றினோம். ஒவ்வொரு முறையும் மேவன் உலகத்தையே இறக்கியதால் பில்ட் 6 நிமிடத்திலிருந்து 14 ஆனது. கிட்லேப் புராஜெக்ட் அடைவுக்குள் இருப்பதை மட்டுமே தற்காலிகச் சேமிப்பில் வைக்கும் என்பதால், மேவனின் நூலக அடைவையே உள்ளே நகர்த்தி 8-க்குக் கொண்டுவந்தோம். மீதி இரண்டு நிமிடத்தை விட்டுக்கொடுத்தோம்.

ஆண்ட்ராய்டு செயலியின் கதை வேறு. அதன் உள் பதிப்பு எண்ணாக ஜென்கின்ஸின் பில்ட் எண்ணையே பயன்படுத்தி வந்தோம். கடைசி எண் 1147. கிட்லேபில் பைப்லைன் (ஜாப்களின் ஒரு தொடர் ஓட்டம்) எண் மறுபடி 1-இலிருந்து தொடங்கும். ஏற்கெனவே நிறுவியவரிடம் இருப்பதைவிடச் சிறிய எண்ணோடு வரும் செயலியை ஆண்ட்ராய்டு மேம்படுத்தலாக ஏற்காது. பைப்லைன் எண்ணோடு 2000 கூட்டிக்கொள்கிறோம். அழகில்லை, ஆனால் ஓடுகிறது.

நேரம் ஒரு தொல்லை. இரவு 2 மணிக்கு ஓடும் முழுச் சோதனையில் மூன்று டெஸ்ட்கள் தினமும் விழுந்தன. காலையில் கையால் ஓட்டினால் மூன்றும் தேறின. இப்படி நான்கு நாள். கிட்லேபின் அட்டவணையில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தோம், அது சரியாகத்தான் 2 மணிக்குக் கிளப்பியது. ஆனால் கன்டெய்னருக்குள் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்தது. நமக்கு இரவு 2 மணி என்றால் அதற்கு முந்தைய நாள் இரவு 8:30. ‘இன்றைய பில்’ என்று தேடும் டெஸ்ட்கள் நேற்றைக்குப் போய் நின்றன. நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை மட்டும் தலைகாட்டும் பிழை. கன்டெய்னரின் நேர மண்டலத்தை மாற்றி முடித்துவிட்டோம். நிரலே நேர மண்டலத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சோதனையாளர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி, இன்னும் செய்யவில்லை.

இரண்டையும் சேர்த்து ஓட்டிய வாரங்கள்

அக்டோபரில் மூன்று வாரம் இரண்டு பக்கமும் பில்ட் செய்தோம். வெளியீடு ஜென்கின்ஸிலிருந்து மட்டும். இரண்டு பக்கமும் பச்சை என்பதோடு நிறுத்தாமல், இரண்டு ஜார்களையும் பிரித்து உள்ளே இருக்கும் கோப்புப் பட்டியலை ஒப்பிடலாம் என்று சொன்னவர் எங்களில் இளையவர், கல்லூரி முடித்து ஓராண்டு ஆனவர். செய்த வேலைகளில் மிகவும் பயன்பட்டது அதுதான்.

பழைய ஜாரில் 9 கோப்புகள் அதிகம் இருந்தன. எட்டு வெறும் குப்பை. ஒன்பதாவது, நிலுவைத் தொகையை நினைவூட்டும் மின்னஞ்சலின் வார்ப்புரு. ஒன்றரை ஆண்டுக்கு முன்பே நிரலில் அதன் வாசகத்தையும் பெயரையும் மாற்றியிருந்தோம், ஆனால் ஓர் இடத்தில் நிரல் இன்னும் பழைய பெயரையே கேட்டுக்கொண்டிருந்தது. ஜென்கின்ஸில் பில்டுக்கு முன் வேலை அடைவைத் துடைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அதனால் பழைய பெயர் கொண்ட கோப்பு அந்த அடைவிலேயே தங்கி ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலும் போய்க்கொண்டிருந்தது, பழைய வாசகத்தோடு. அந்த வாசகத்தை மாற்றச் சொல்லிக் கேட்டவர் பிறகு ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.

நிரல், யாம்ல் கோப்பு, ரன்னர் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததற்கு அப்பால், அந்த டெஸ்க்டாப்பின் வட்டும் எங்கள் மூல நிரலின் ஒரு பகுதியாக இருந்திருக்கிறது என்பது இங்கேதான் உறைத்தது. உறைத்த பிறகும் பில்ட்டைப் பற்றி மட்டும்தான் அப்படி யோசித்தோம்.

மாற்றிய நாள்

2024 நவம்பர் 11, திங்கள்கிழமை. காலை 10 மணிக்கு ஜென்கின்ஸின் ஜாப்களை முடக்கினோம். 11:20-க்குக் கிட்லேபிலிருந்து முதல் வெளியீடு, வெளியீட்டுக்கென்று பிரித்த பிராஞ்சிலிருந்து (நிரலின் தனிக் கிளையிலிருந்து). எல்லாப் படிகளும் பச்சை. யாரோ காராசேவு வாங்கி வந்தார்கள்.

மதியம் 2:30 வாக்கில் ஆதரவுப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து நின்றார். “சார், தள்ளுபடி கணக்குப் பிழையைச் சரி பண்ணிட்டோம்னு காலையில கஸ்டமர்கிட்ட சொன்னேன். அவர் இன்னும் அப்படியேதான் இருக்குங்கறார்.” தற்காலிகச் சேமிப்பை அழித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். அரை மணியில் திரும்பி வந்தார். “இன்னொருத்தரும் அதையே சொல்றார் சார்.”

சர்வருக்குள் போய்ப் பார்த்தோம். ஓடிக்கொண்டிருந்தது போன வாரத்து ஜார். புது ஜார் அதே இயந்திரத்தில், வெளியீட்டுப் பயனரின் ஹோம் அடைவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

நடந்தது இது. ஸ்கிரிப்ட் ஜாரை நகலெடுத்துச் சர்வரின் ஒரு குறிப்பிட்ட அடைவில் வைக்கும், பிறகு சேவையை மறுதொடக்கம் செய்யும். அடைவின் பெயர் கிட்லேபில் ஒரு மாறியில் (ஒரு மதிப்பைப் பெயரிட்டுச் சேமிக்கும் இடத்தில்) இருந்தது. அன்று அந்த மாறி காலியாக வந்தது. அடைவு பெயர் இல்லாமல் நகலெடுக்கச் சொன்னால் கட்டளை கோபித்துக்கொள்ளாது. பேசாமல் ஹோம் அடைவில் வைத்துவிட்டு வெற்றி என்று சொல்லும். சேவை மறுதொடக்கமானது, பழைய ஜாரோடு. எல்லாம் பச்சை.

மாறி ஏன் காலி? கிட்லேபில் ஒரு மாறியைப் புதிதாகச் சேர்க்கும்போது ‘பாதுகாக்கப்பட்டது’ என்ற பெட்டி ஏற்கெனவே டிக் ஆகித்தான் இருக்கும். அப்படி இருந்தால், பாதுகாக்கப்பட்ட பிராஞ்ச்களிலும் குறிகளிலும் ஓடும் ஜாப்புக்கு மட்டுமே அது கிடைக்கும். எங்கள் முதன்மைப் பிராஞ்ச் பாதுகாக்கப்பட்டது. வெளியீட்டுப் பிராஞ்ச்களை அப்படிக் குறிக்க மறந்திருந்தோம். முந்தைய வாரம் செய்த ஒத்திகைகளெல்லாம் முதன்மைப் பிராஞ்சிலிருந்து.

அப்படியானால் சர்வருக்குள் நுழையும் சாவியும் காலியாக வந்து ஜாப் அங்கேயே விழுந்திருக்க வேண்டுமே? செப்டம்பரில் ஒரு சோதனைப் பிராஞ்சிலிருந்து முயன்றபோது சாவி கிடைக்கவில்லை என்று எங்களில் ஒருவர் அதன் டிக்கை எடுத்திருக்கிறார், திரும்பப் போடவில்லை. காக்க வேண்டிய சாவி எல்லாப் பிராஞ்சுக்கும் திறந்து கிடந்தது. காக்கத் தேவையே இல்லாத அடைவுப் பெயர் பூட்டிக் கிடந்தது. சாவியும் பூட்டியே இருந்திருந்தால் ஜாப் சிவப்பாகி நின்றிருக்கும்.

3:40-க்கு வெளியீட்டுப் பிராஞ்ச்களைப் பாதுகாக்கப்பட்டவையாக்கி, சாவியைப் பூட்டி, மறுபடி வெளியிட்டோம். பழைய ஜென்கின்ஸுக்குத் திரும்பலாமா என்ற கேள்வி எழுந்தது. காரணம் தெரிந்துவிட்டதால் வேண்டாம் என்று விட்டோம். அன்றே ஸ்கிரிப்டில் இரண்டு மாற்றம். மதிப்பில்லாத மாறியைத் தொட்டால் ஸ்கிரிப்ட் உடனே நின்றுவிட வேண்டும். வெளியீடு முடிந்ததும் ஓடும் சர்வரிடமே ‘நீ எந்தப் பதிப்பு’ என்று கேட்டு, விடை பொருந்தினால்தான் பச்சை. இரண்டாவது பழைய ஜென்கின்ஸிலும் இருந்ததில்லை. அங்கே எத்தனை முறை இப்படிப் பொய்ப் பச்சை வந்ததோ.

அமைதியான மாதங்கள்

டிசம்பர் முதல் மார்ச் வரை சொல்ல ஒன்றும் இல்லை. மின்தடை நாளிலும் வெளியீடு நடந்தது. மெர்ஜ் ரிக்வெஸ்டிலேயே (ஒரு மாற்றத்தை நிரலில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையிலேயே) டெஸ்ட் முடிவு தெரிவதால் ‘ஜென்கின்ஸ் பார்த்தீங்களா’ என்று கேட்பது நின்றது. பைப்லைனை மாற்ற வேண்டுமானால் அதுவும் மெர்ஜ் ரிக்வெஸ்ட்தான் என்பதால், என்னைத் தவிர நான்கு பேர் அந்தக் கோப்பில் கை வைத்திருந்தார்கள். இரண்டாவது வழியைச் சொன்ன மூத்தவரும் அவர்களில் ஒருவர்.

ஜனவரியில் மேசைக்கடி இயந்திரத்தை அணைத்தோம். வட்டை அழிக்கவில்லை. காரணம் தொலைநோக்கு ஒன்றுமில்லை, அழிக்க நேரம் ஒதுக்கவில்லை.

ஏப்ரல் 1

2025 ஏப்ரல் 1, செவ்வாய்க்கிழமை. காலை 11 மணிக்கு ஒரு வாடிக்கையாளரின் கணக்காளர் கூப்பிட்டார். புது நிதியாண்டு பிறந்துவிட்டது, உங்கள் பில் இன்னும் 24-25 என்று போன ஆண்டு வரிசையிலேயே எண் போடுகிறதே என்றார்.

சரக்கு சேவை வரி விதிப்படி பில் எண் தொடர்ச்சியாக, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். அதனால் ஏப்ரல் 1 அன்று ஆண்டு முன்னொட்டை மாற்றி எண்ணை 1-இலிருந்து தொடங்குவது எங்கள் வாடிக்கையாளர்களின் வழக்கம். ஒவ்வோர் ஆண்டும் அது தானாக நடந்து வந்தது. மென்பொருள்தான் செய்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

நிரலில் தேடினோம், அப்படி ஒரு வரி இல்லை. மூத்தவர்தான் மெதுவாகச் சொன்னார், “அந்தப் பழைய மெஷினை ஆன் பண்ணிப் பாருங்க.”

இருந்தது. விட்டுவந்த 15 ஜாப்களில் ஒன்று. அதன் பெயர் ‘மிஸ்க்-2’. ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் முதல் தேதி நள்ளிரவில், ஒவ்வொரு வாடிக்கையாளரின் தரவுத்தளத்திலும் இரண்டு வரிக் கட்டளையை ஓட்டும். வங்கி ஜாரைப் போட்ட அதே அண்ணா ஏதோ ஓர் ஏப்ரலின் அவசரத்தில் எழுதியது. ஆகஸ்டில் நாங்கள் தயாரித்த பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்த வரியில் கடைசியாக ஓடிய நாள் என்ற கட்டத்தில் 2024 ஏப்ரல் 1 என்று தெளிவாக இருந்தது. பில்லிங் மென்பொருள் செய்யும் 13 பேர் அந்தத் தேதியைப் பார்த்தோம். ஒருவருக்கும் பொறி தட்டவில்லை.

மதியத்துக்குள் கையால் ஓட்டிவிட்டோம். அதற்குள் மூன்று வாடிக்கையாளர்களிடம் 37 பில்கள் பழைய வரிசையில் போயிருந்தன. அவற்றை ரத்து செய்து புது எண்ணில் போடுவதா, அப்படியே விடுவதா என்பதை அவரவர் கணக்காளரிடம் விட்டோம். இருவர் ரத்து செய்தார்கள், ஒருவர் விட்டார். மூவரிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதினோம்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவோம்

90 நாள் விதியை வைக்க மாட்டேன். ‘எப்போது ஓடியது’ என்று கேட்டதற்குப் பதில் ‘எப்போது ஓடும்’ என்று கேட்டிருக்க வேண்டும். ஜாப்பின் அட்டவணை வரி கண்ணெதிரில்தான் இருந்தது. அட்டவணை உள்ள ஒரு ஜாப், எத்தனை பழையதானாலும், அதன் ஸ்கிரிப்டை ஒருவர் திறந்து படித்துவிட்டுத்தான் பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டும். 15 ஸ்கிரிப்ட், ஒரு மதிய வேலை. ‘வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்’ என்று கேட்டதும் பயனற்றது. அதை எழுதியவர் அந்த மின்னஞ்சல் பட்டியலிலேயே இல்லை.

ஒத்திகையை எந்தப் பிராஞ்சிலிருந்து வெளியிடப்போகிறோமோ அதிலிருந்தே செய்வோம். இதில் விளக்க ஒன்றுமில்லை.

பழைய இயந்திரத்தின் முழு நகல் ஒன்றை, வலையிலிருந்து துண்டித்து, குறைந்தது ஒரு முழு நிதியாண்டு வைத்திருப்போம், வேண்டுமென்றே. சோம்பலால் வட்டு தப்பியதால்தான் ‘மிஸ்க்-2’ கிடைத்தது. இல்லாவிட்டால் ஒவ்வொரு தரவுத்தளத்திலும் என்ன மாற வேண்டும் என்பதை ஊகித்துத்தான் எழுதியிருப்போம்.

சாவிகளைப் புதிதாக உருவாக்கியதை மறுபடியும் செய்வோம், மூன்று வாரம் ஆனாலும். ஜார்களைப் பிரித்து ஒப்பிட்டதையும். அதை எல்லாப் பொருளுக்கும் செய்யவில்லை. இணையப் பக்கங்களுக்குச் செய்யாமல் விட்டதில் ஒன்றும் நேரவில்லை என்பது அதிர்ஷ்டம்.

ஆண்டு வரிசையை மாற்றும் வேலை இப்போது பில்லிங் நிரலுக்குள் இருக்கிறது. பில்லின் தேதியைப் பார்த்து அதுவே முன்னொட்டைத் தீர்மானிக்கும், மார்ச் 31 இரவு 11:59-க்கும் ஏப்ரல் 1 நள்ளிரவுக்கும் தனித்தனி டெஸ்ட்களோடு. மீதி 14 ஸ்கிரிப்ட்களையும் படித்தோம். ஒன்றில் மட்டும் ஒரு வினாக்குறி இருக்கிறது: ஒவ்வொரு நான்காவது ஆண்டும் பிப்ரவரி 29 அன்று ஓடும்படி அட்டவணை, உள்ளே எதையும் செய்யாத ஒரு வெற்று ஸ்கிரிப்ட். அண்ணாவிடம் கேட்டேன். “சும்மா, ஓடுதான்னு பாக்கப் போட்டதுப்பா” என்றார்.